மதுரை மொட்டை மாடிக்கு முதல் போன்சாய்: எந்த மரத்தில் தொடங்குவது?

போன்சாய் வளர்க்க ஆசை வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது படம் பார்ப்பதுதான். பெரும்பாலும் ஜப்பானில் எடுத்த படங்கள். வளைந்து நெளிந்த ஊசியிலை மரம், அடியில் பாசி, மேலே லேசாகப் பனி. உடனே ஆன்லைனில் தேடினால் 'ஜூனிபர் போன்சாய்' என்று ஒன்று அகப்படும், ஆர்டரும் போட்டுவிடுவார்கள். அது மதுரைக்கு வந்து இறங்கிய நாளிலிருந்தே சாகத் தொடங்குகிறது. இதில் கொடுமை என்னவென்றால், ஜூனிபர் செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். புதிதாக வளர்ப்பவர் அது உயிரோடு இருக்கிறது என்று நம்பித் தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அப்புறம் ஒரு நாள் பழுப்பு நிறம் தட்டும்போது 'எனக்குக் கை ராசி இல்லை' என்று ஒதுங்கிவிடுவார்.

கை ராசியெல்லாம் ஒன்றும் இல்லை. ஜூனிபர், பைன், ஜப்பானிய மேப்பிள் மூன்றுக்கும் வருடத்தில் சில மாதம் நல்ல குளிர் வேண்டும். அந்தக் குளிரில் தூங்கி எழுந்தால்தான் அடுத்த வருடத்துக்குத் தெம்பு வரும். மதுரையில் மார்கழி இரவில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஏப்ரல், மே வந்தால் பகலில் 40 டிகிரி சாதாரணம். கொடைக்கானல் போய்விட்டு வரும்போது ஆசையாக ஒரு சைப்ரஸ் கன்றை வாங்கி வருகிறவர்களுக்கும் இதே கதைதான். 2000 மீட்டருக்கு மேல் வளர்ந்த செடியை வத்தலக்குண்டு தாண்டி இறக்கினால் அதற்கு மூச்சு முட்டும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். மாடியில் கழிவுநீர்க் குழாய் சுவரைத் தொடுகிற இடுக்கு, கைப்பிடிச் சுவரின் வெடிப்பு, பழைய கிணற்று உறை, இங்கெல்லாம் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஆலும் அரசும் முளைத்துக்கொண்டேதான் இருக்கின்றன. பிடுங்கிப் போட்டாலும் மறு வருடம் திரும்ப வரும். உங்கள் ஊரின் வெடிப்பில் தானாக முளைக்கிற மரம் எதுவோ, அதுவும் அதன் உறவுக்கார மரங்களும்தான் தட்டில் வளர்க்க மிக எளிதானவை. போன்சாய் என்பது தனி மரவகை இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எந்த மரத்தையும் சின்னச் சட்டியில் வைத்து, வெட்டி, வளைத்து, சின்னதாகவே வைத்திருக்கிற முறைதான் அது. அதனால் 'போன்சாய் விதை' என்று பாக்கெட் போட்டு விற்றால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது சாதாரண மர விதை, அதுவும் முளைத்தால் உண்டு.

மரத்துக்கு முன்னால் மூன்று விஷயம்

வெயில் எவ்வளவு? மொட்டை மாடி இருந்தால் கவலை இல்லை, அங்கே வெயிலைக் குறைப்பதுதான் வேலை. அபார்ட்மென்ட் பால்கனி என்றால் அது எந்தத் திசை என்று பாருங்கள். கிழக்கு நல்லது. மேற்கு என்றால் மதியம் இரண்டு மணிக்கு மேல் சுவரே கொதிக்கும். அதற்கேற்ற மரம் வேண்டும். ஹாலில் டிவி பக்கத்தில் வைக்கத்தான் ஆசை என்றால், அந்த ஆசையை விட்டுவிடுங்கள். மரம் வெளியே வாழ்கிற ஜீவன். விருந்தாளி வருகிற அன்று ஒரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப மாடிக்குக் கொண்டுபோய்விடலாம்.

தண்ணீர் எப்படி? இது மதுரையில் பெரிய கேள்வி. போர் தண்ணீர் பல ஏரியாவில் உப்பு. பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா, குழாய் முனையில் கல் மாதிரி கட்டுகிறதா, அப்படியானால் அதே உப்புதான் சட்டி மண்ணிலும் சேரும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வெளியே வருகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு இன்னும் அதிகம், போன்சாய்க்கு வேண்டாம், வாசல் கழுவுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரில் உப்பு இல்லை, அதைப் பிடித்து வைத்து ஊற்றலாம். மழை பெய்தால் சட்டியை நனையவிடுங்கள், சேர்ந்த உப்பு கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும்.

மூன்றாவது உங்கள் குணம். தினமும் செடியைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் அதிகமாகவே தண்ணீர் ஊற்றுகிற ஆளா, அல்லது இரண்டு நாள் மறந்துவிடுகிற ஆளா? இதை நேர்மையாகச் சொல்லிக்கொண்டால் பாதி தேர்வு முடிந்தது. அதிகம் ஊற்றுகிறவருக்கு ஃபைகஸ் வகை, அதாவது ஆல், அரசு இனம். மறக்கிறவருக்கு ஜேடு அல்லது அடீனியம், இரண்டும் உடம்பில் நீரைச் சேர்த்து வைத்துக்கொள்கிற செடிகள். இதை மாற்றிப் பிடித்தால்தான் மரம் சாகிறது.

ஃபைகஸ்: முதல் மரம் இதுவாகவே இருக்கட்டும்

ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாமே ஒரே குடும்பம், ஒடித்தால் பால் வருகிற குடும்பம். இவற்றில் தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது நர்சரியில் 'ஃபைகஸ் மைக்ரோகார்பா' என்று கேட்டால் தருகிற மரம். இலை சின்னது, தடிப்பு, பளபளப்பு. தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் பொறுக்கும், ஒரு நாள் குறைந்தாலும் பொறுக்கும், உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். தப்பான இடத்தில் வெட்டிவிட்டால்கூட வெட்டிய இடத்துக்குக் கீழே புதிதாகத் துளிர்த்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இந்தக் குணம்தான் முக்கியம், ஏனென்றால் நீங்கள் வெட்டிப் பழக வேண்டும், வெட்டினால் கோபித்துக்கொள்ளாத மரம் வேண்டும்.

கடைகளில் இதே மரம் இரண்டு வேஷத்தில் வரும். ஒன்று, அடியில் கிழங்கு கிழங்காக வேர், மேலே கொத்தாக இலை. 'ஜின்செங் ஃபைகஸ்' என்பார்கள். கிழங்கு வேரின் தலையில் வேறொரு சின்ன இலை ரகத்தை ஒட்டுப் போட்டிருப்பார்கள். இன்னொன்று பாம்பு மாதிரி எஸ் வடிவில் வளைத்தது. இரண்டும் பிழைக்கும், ஆனால் இரண்டையும் மரம் மாதிரி ஆக்குவது கடினம். அந்த எஸ் வளைவு கடைசி வரைக்கும் அப்படியேதான் துருத்திக்கொண்டு நிற்கும். அதே காசுக்கு, வேலி ஓரம் நடுவதற்கென்று கறுப்புக் கவரில் வைத்திருக்கிற சாதாரண ஃபைகஸ் கன்று, கட்டை விரல் தடிமனுக்கு மேல் தண்டுள்ளது கிடைத்தால் அதை எடுங்கள். அழகு இப்போது இருக்காது. ஆனால் அதற்குள் மரம் இருக்கிறது.

ஆலமரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க்காரருக்கு ஆல் என்றாலே ஒரு பாசம். இலை பெரியது என்பது உண்மை. சின்னச் சட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பக் கிள்ளினால் இலை சிறுக்கும், ஆனால் மைக்ரோகார்பா அளவுக்கு வராது. அதனால் ஆலைக் கையளவு மரமாக நினைக்காதீர்கள், ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்கு, அகலமான தட்டில் யோசியுங்கள். அப்போது பொருத்தமாக இருக்கும். விழுது விட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். விழுதுக்குக் காற்றில் ஈரம் வேண்டும். மதுரைக் காற்றில் வருடத்தின் பெரும்பகுதி அது கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கிளையிலிருந்து மெல்லிய சிவப்பு முனையாக எட்டிப் பார்க்கும். அப்போதே ஒரு ஜூஸ் ஸ்ட்ராவை நீளவாக்கில் கிழித்து, உள்ளே ஈரத் தென்னை நார் வைத்து, முனையை அதற்குள் விட்டு மண் வரைக்கும் இறக்கிவிட்டால் காயாமல் தரையைப் பிடிக்கும். பிடித்த பிறகு ஸ்ட்ராவை எடுத்துவிடலாம்.

சுவரில் முளைத்த ஆலங்கன்றை எடுப்பது என்றால் நல்ல மழைக்கு மறுநாள் எடுங்கள், வெடிப்பு ஊறியிருக்கும். இடுக்கில் வளர்ந்த கன்றுக்கு அடிப்பகுதி முள்ளங்கி போலப் பருத்திருக்கும், அதுதான் லாபம். வேர் அறுந்து வெறும் குச்சியாக வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஆலங்குச்சி மழைக் காலத்தில் வேர் பிடிக்கும். இலைகளைப் பாதியாக வெட்டி நிழலில் நட்டு வையுங்கள். அரசங்குச்சி அவ்வளவு சுலபத்தில் வேர் விடாது, அதை வேரோடு எடுத்தால்தான் பிழைக்கும். உங்கள் வீட்டுச் சுவர், பக்கத்து வீட்டுச் சுவர் (கேட்டுவிட்டு) இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழகர்மலை காப்புக்காடு, அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலம் இங்கெல்லாம் போய்த் தோண்டக் கூடாது, சட்டமும் விடாது. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே இருக்கிற செடி அங்கேயே இருக்கட்டும்.

'வீட்டில் ஆலும் அரசும் வளர்க்கலாமா, ஆகாது என்பார்களே' என்று வீட்டில் ஒருவராவது கேட்பார். மைக்ரோகார்பாவை யாரும் ஆலமரத்துச் சொந்தம் என்று கண்டுபிடிப்பதில்லை, அதற்காகவும் அதை முதல் மரமாகச் சொல்கிறேன்.

தண்ணீர் ஊற்ற மறப்பவருக்கு

நர்சரியில் 'ஜேடு' என்று கேட்டால் இரண்டு செடி காட்டுவார்கள். ஒன்று இலை பெரிதாக, முட்டை வடிவில், தடியாக இருக்கும். அது கிராசுலா, நம் ஊர்க் கோடையில் வாடி அழுகும். நமக்கு வேண்டியது இலை சின்னதாக, வட்டமாக, தண்டு சிவந்த பழுப்பாக இருக்கிற போர்ட்டுலகேரியா. தென்னாப்பிரிக்காவில் யானை தின்கிற செடி, வறட்சிக்கென்றே பிறந்தது. மேற்குப் பால்கனிக்கு இதைவிட நல்ல மரம் எனக்குத் தெரியாது. வெட்டிய குச்சியை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து மண்ணில் குத்தினால் போதும், முளைத்துவிடும். அதனால் காசு கொடுத்துச் சின்னச் செடி வாங்காதீர்கள். தெரிந்தவர் வீட்டில் பெரிய புதர் இருந்தால் ஒரு தடித்த கிளை கேளுங்கள், ஒரே நாளில் தடித்தண்டு போன்சாய்க்கு அடித்தளம் கிடைத்துவிடும். இதற்குக் கம்பி கட்டி வளைப்பது சரிப்படாது, கிளையில் நீர் நிறைந்திருப்பதால் முறியும். வெட்டி வெட்டித்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். ஆடு இருக்கிற தெருவாக இருந்தால் வாசலில் வைக்காதீர்கள், ஒரு மேய்ச்சலில் முடிந்துவிடும்.

அடீனியம் போன்சாயே இல்லை என்று வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அடி பெருத்த தண்டு, பூ, வெயிலில் ஒரு புகாரும் சொல்லாத குணம், இதெல்லாம் தொடக்கக்காரருக்கு உற்சாகம் தரும். இரண்டு எச்சரிக்கை மட்டும். முதலாவது, அதன் பால் விஷம்; அது அரளிக் குடும்பம், ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். வெட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள், சின்னப் பிள்ளைகள், நாய்க்குட்டி இருந்தால் உயரத்தில் வையுங்கள். இரண்டாவது, ஐப்பசி அடைமழை. ஒரு வாரம் விடாமல் நனைந்தால் அடித்தண்டு அழுகும். மழைக்கு முன்னால் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். வாரம் ஒரு முறை அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் சரி. மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தைக் கத்தியால் நல்ல சதை தெரிகிற வரைக்கும் சீவி எடுத்து, மண்ணைவிட்டு வெளியே காயப்போட்டு, காயம் ஆறிய பிறகு காய்ந்த மண்ணில் திரும்ப நடுங்கள்.

இரண்டாவது மரமாகப் பார்க்க வேண்டியவை

புளி. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஆனால் பொறுமை வேண்டும். இலை பிறவியிலேயே சின்னது, பொழுது சாய்ந்தால் மடித்துக்கொள்ளும். தண்டு இளசாக இருக்கும்போதே வெடித்துக் கிழட்டு மரத் தோற்றம் காட்டத் தொடங்கும். சமையலறையில் இருக்கிற புளியங்கொட்டையை (வறுக்காதது) ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். ஒரு சாண் உயரம் வந்ததும் ஆணிவேரைப் பாதியாக நறுக்கிவிட வேண்டும், அப்போதுதான் வேர் பக்கவாட்டில் பரவும். ஒரு நாள் தண்ணீர் மறந்தால் இலையையெல்லாம் கொட்டிப் பயமுறுத்தும். பெரும்பாலும் திரும்பத் துளிர்க்கும். நான்கு வழிச்சாலைக்காக ரோட்டோரப் புளியமரங்கள் போன ஊர்க்காரர்கள் நாம், ஒன்றாவது மாடியில் இருக்கட்டும்.

காகிதப்பூ எனும் போகன்வில்லா. வெயில் எவ்வளவு இருந்தாலும் போதாது இதற்கு. பழைய வீட்டு கேட்டில் ஏறின கொடியை வெட்டிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அந்த அடிக்கட்டையைக் கேட்டு வாங்குங்கள், மணிக்கட்டுத் தடிமனுக்கு ரெடிமேட் தண்டு கிடைக்கும். ஒரே சிக்கல் வேர். அது மெல்லியது, அறுந்தால் கோபித்துக்கொள்ளும், அதனால் மண் உதிராமல் அப்படியே நகர்த்த வேண்டும். பூக்காமல் இலையாகவே தள்ளுகிறது என்றால் நீங்கள் நன்றாகக் கவனிக்கிறீர்கள் என்று அர்த்தம். இலை லேசாகத் தொங்குகிற வரைக்கும் தண்ணீரை நிறுத்துங்கள், பூ வரும்.

பிராய் மரம் தெரியுமா? இலையைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். நம் நாட்டு மரம், வறட்சி தாங்கும், எங்கே வெட்டினாலும் துளிர்க்கும், இலையும் சின்னது. போன்சாய்க்கென்றே செய்தது போன்ற மரம், ஆனால் நர்சரிகளில் அரிதாகத்தான் கிடைக்கிறது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

நர்சரியில் 'காமினி' என்று விற்கிற, வெள்ளைப் பூ வாசம் அடிக்கிற காட்டுக் கறிவேப்பிலை நல்ல போன்சாய்தான், ஆனால் உப்புத் தண்ணீருக்கு இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மழைத் தண்ணீர் சேர்த்து வைக்க முடிந்தால் மட்டும். வேம்பும் கொடுக்காப்புளியும் பிழைக்கும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வேம்பு நெடுநெடுவென்று போகும், கொடுக்காப்புளி முள்ளோடு முரட்டுத்தனமாக வளரும், வடிவத்துக்குக் கொண்டுவர அனுபவம் வேண்டும். மதுரைக்காரர் என்பதால் கடம்பம் வைக்கலாமே, மீனாட்சியம்மன் கோவில் தலவிருட்சம் ஆயிற்றே என்று தோன்றும். உள்ளங்கையை மூடுகிற இலை அதற்கு. தரையில் நட இடமிருந்தால் நடுங்கள், தட்டில் வேண்டாம்.

கடையில் நிற்கும்போது

எந்த வகை என்று முடிவு செய்துகொண்டு போனாலும் அங்கே இருபது கன்று வரிசையாக நிற்கும், எதை எடுப்பது? பூவையும் இலையையும் பார்க்காதீர்கள். குனிந்து அடியைப் பாருங்கள். மேல் மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கினால் தண்டு மண்ணுக்குள் போகிற இடம் தெரியும். அங்கே வேர் நான்கு பக்கமும் பரவியிருந்தால் நல்லது, ஒரே பக்கம் திரும்பியிருந்தாலோ தண்டைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுக்கியிருந்தாலோ வேண்டாம். அடி தடித்து மேலே போகப் போக மெலிய வேண்டும். தாழ்வாகவே இரண்டு மூன்று கிளை இருக்க வேண்டும், ஏனென்றால் உயரத்தைப் பாதியாக நீங்கள் வெட்டத்தான் போகிறீர்கள். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தொளதொளவென்று ஆடினால் நேற்றுத்தான் மாற்றி நட்டிருக்கிறார்கள். காய்ந்த மாதிரி தெரிகிற செடியில் நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

தண்டு தடிமன் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தட்டில் வைத்த பிறகு தண்டு ஏறக்குறைய அதே தடிமனில்தான் நிற்கும். பென்சில் கன்றை வாங்கித் தட்டில் வைத்து, வருஷம் பூராவும் காத்திருந்தாலும் அது பென்சில்தான். ஒன்று, தடித்த கன்றாக வாங்குங்கள். அல்லது மெலிந்ததை வாங்கிப் பெரிய தொட்டியில் இரண்டு மூன்று வருடம் தாறுமாறாக வளரவிட்டுப் பிறகு வெட்டுங்கள். பெங்களூரிலிருந்து வருகிற தயார் போன்சாயாக இருந்தால் எடுத்தவுடன் வெயிலில் வைக்காதீர்கள். நிழலில் தொடங்கிக் காலை வெயில், அப்புறம் முழு வெயில் என்று இரண்டு வாரம் பழக்குங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் மாதம் எதுவும் செய்யாதீர்கள். வெட்ட வேண்டாம், மாற்ற வேண்டாம், உரம் வேண்டாம். கைதான் பரபரக்கும், கட்டிப்போடுங்கள். புது இலை விட்ட பிறகு மாற்றி நடலாம், அதுவும் எந்த மாதம் என்று பார்த்து. சித்திரை, வைகாசியில் வேரைத் தொடவே கூடாது. ஃபைகஸ், புளி இரண்டுக்கும் மாசி மாதம் நல்லது, அல்லது ஆடி கழிந்து மழை தலைகாட்டுகிற ஆவணி, புரட்டாசி. அடீனியத்தை மாசி, பங்குனி வெயிலிலேயே மாற்றலாம்.

மண் கலவைக்கு ஜப்பானிலிருந்து வருகிற அகடாமா என்ற களிமண் குருணை தேவையில்லை. கட்டடம் இடிக்கிற இடத்தில் கிடைக்கிற நாட்டுச் செங்கல்லையோ பழைய ஓட்டையோ உடைத்து, உளுந்து அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரைக்கும் சலித்து எடுங்கள். தூளைக் கண்டிப்பாகத் தூக்கிப் போட வேண்டும், அதுதான் அடியில் சேறாகி வேரை அழுக வைக்கும். இந்தச் சல்லி மூன்று பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. ஜேடுக்கும் அடீனியத்துக்கும் சல்லியைக் கூட்டி செம்மண்ணை விட்டுவிடலாம். கரம்பை மண் வயலுக்கு அருமை, தட்டுக்கு எமன். ஈரத்தில் களி, காய்ந்தால் கல். எம்-சாண்டும் தூசியைக் கழுவாமல் போடக் கூடாது.

சட்டி ஆழமாக இருக்கட்டும். படத்தில் பார்க்கிற இரண்டு அங்குலத் தட்டு முதல் வருடத்துக்கு வேண்டவே வேண்டாம், கத்திரி வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஐந்தாறு அங்குல ஆழமுள்ள சாதாரண மண் சட்டி போதும். பின்னால் தட்டு வேண்டும் என்றால், விளாச்சேரியிலோ மானாமதுரையிலோ மண்வேலை செய்கிறவர்களிடம் அளவு சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அடியில் இரண்டு பெரிய ஓட்டை, நான்கு சின்னக் கால் வைக்கச் சொல்லுங்கள். ஓட்டையைக் கொசுவலைத் துண்டால் மூடிவிட்டு மண் போடுங்கள். மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் இருந்தால் பயமில்லை. வெட்டிய பிறகு ஃபைகஸுக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றி இரண்டு வாரம் நிழல். ஜேடுக்கும் அடீனியத்துக்கும் தலைகீழ், நான்கைந்து நாள் தண்ணீரே கூடாது.

தண்ணீர் ஊற்ற நேரம் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். விரலை ஒரு அங்குலம் விட்டு ஈரம் பட்டால் விட்டுவிடுங்கள், காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் ஒழுகுகிற வரைக்கும் ஊற்றுங்கள். மேலாகத் தெளிப்பதில் பிரயோஜனம் இல்லை. மே மாதத் தொடக்கத்தில் கத்திரி ஆரம்பித்தால் ஃபைகஸுக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் தேவைப்படும். அந்த மாதம் மட்டும் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். சட்டியை மாடித் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேலோ பெஞ்ச் மேலோ வைத்தால் தளத்துச் சூடு வேரில் ஏறாது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வீட்டுக்கு வரும், அப்போது யாரும் வெளியூர் போக மாட்டீர்கள். ஆனால் அது முடிந்து பிள்ளைகள் லீவுக்குப் போகிற வாரம்தான் மரங்கள் சாகிற வாரம். அகலமான பேசினில் ஆற்று மணலைப் பரப்பி நனைத்து, அதன்மேல் சட்டியை அழுத்தி நிழலில் வைத்துவிட்டுப் போனால் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

வெட்டுவதற்கு ஒரே விதி: துளிர் ஆறு, எட்டு இலை விடட்டும், பிறகு இரண்டு இலை வைத்து மிச்சத்தை நறுக்குங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்தாலே கிளை பிரிந்து, இலை சிறுத்து, மரமாகத் தெரிய ஆரம்பிக்கும். பால் வடிந்தால் தண்ணீர் தெளியுங்கள், நிற்கும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு அலுமினியம்தான் நல்லது, கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. ஃபைகஸ் நம் வெயிலில் வேகமாகப் பருக்கும் என்பதால் மாதம் ஒரு முறையாவது பார்த்து, கம்பி பட்டையில் அழுந்தத் தொடங்கினால் சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக வெட்டி எடுத்துவிடுங்கள். தழும்பு விழுந்தால் வருடக்கணக்கில் போகாது.

உரம், துளிர் விடுகிற மாதங்களில் மட்டும். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து ஊற்றினால் நன்றாகக் கேட்கும், ஆனால் நாற்றம் கீழ்வீடு வரைக்கும் போகும். தனி வீடு இல்லாதவர்கள் மண்புழு உரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லுறவுக்கு நல்லது.

பூச்சியில் கவனிக்க வேண்டியது மாவுப்பூச்சி. இலைக்காம்பு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரியும், அதற்கு முன்னால் எறும்பு ஏறும். எறும்பு வரிசையைப் பார்த்தால் உடனே இலையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், நாலு சொட்டு சோப்புத் திரவம், சாயங்காலமாக அடித்து ஒரு வாரம் கழித்துத் திரும்ப அடியுங்கள்; வெயிலில் அடித்தால் இலை கருகும். ஃபைகஸில் நுனி இலை பாதியாக மடிந்து உள்ளே கறுப்பாக ஊர்ந்தால் அது இலைப்பேன், மருந்தைவிட அந்த இலையைக் கிள்ளிக் கவரில் கட்டி எறிவது வேகமான வழி. திருப்பரங்குன்றம், அழகர்கோவில் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதெல்லாம் சின்னப் பூச்சி. அங்கே குரங்குக்கும் மயிலுக்கும் கம்பி வலைக் கூண்டு ஒன்று முதலிலேயே அடித்துவிட்டு, அதற்கப்புறம் மரம் வாங்கப் போங்கள்.